நிலத்தடி ஹீட் பம்ப் சரியாக ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மண்ணுக்குள் புதைத்த குழாய் வழியாக வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் நிலத்தடி ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களின் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் அடங்கிவிடும்: வீடு சரியாகச் சூடாகவில்லை, கரண்ட் பில் எகிறுகிறது. உடனே சந்தேகம் மெஷின் மேல் விழும், இல்லையென்றால் தோட்டத்து மண் மேல் விழும். ஆனால் கம்ப்ரெஸர் கெட்டுப்போவது அபூர்வம். குழாயில் நீர் போதிய அளவு ஓடாதது, தேவைக்கு மேல் சூடான நீரை மெஷினிடம் கேட்பது, துணை ஹீட்டர் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது ஆகிய மூன்றில் ஒன்றுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும். மூன்றையுமே வீட்டுக்காரரே கண்டுபிடிக்க முடியும்.

எதையும் தொடுவதற்கு முன்

கம்ப்ரெஸர் குறைந்தது இருபது நிமிடமாவது விடாமல் ஓடிய பிறகு, திரையில் தெரியும் நான்கு வெப்பநிலைகளை எழுதிக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்து வரும் பிரைன், மண்ணுக்குத் திரும்பும் பிரைன், வீட்டுக்குள் போகும் நீர், வீட்டைச் சுற்றித் திரும்பி வரும் நீர். மண்ணுக்குள் சுற்றுகிற, உறையாமல் இருக்க கிளைக்காலோ எத்தனாலோ கலந்த நீரைத்தான் பிரைன் என்கிறோம். அப்புறம் பிரைன் குழாயின் பிரஷர் கேஜ், கம்ப்ரெஸர் ஓடிய மொத்த மணிநேரம், அது ஸ்டார்ட் ஆன எண்ணிக்கை, துணை ஹீட்டர் ஓடிய மணிநேரம். வெளியே எத்தனை டிகிரி என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

பிரைன் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்லது. வீட்டுப் பக்கம், அறைகளின் தரைக்கு அடியில் சூடான நீர் ஓடும் தரைக்கடிக் குழாய் என்றால் 5 டிகிரியை ஒட்டியும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் என்றால் 5 முதல் 10 வரையும் இருக்கலாம். வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் பக்கம் நீர் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். கீழே வரும் பாதி அறிகுறிகளுக்கு விடை இந்த ஒரு கழித்தல் கணக்கிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். தரைக்கடிக் குழாய் உள்ள வீட்டில் கான்கிரீட் சூடேறவும் ஆறவும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். காலையில் ஒன்றைத் திருகிவிட்டு மாலையில் இன்னொன்றைத் திருகினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: கரண்ட் பில் எதிர்பார்த்ததைவிட அதிகம்

முதலில் எதிர்பார்ப்பு சரியா என்று பாருங்கள். கேட்லாக்கில் போடும் சிஓபி, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்ற எண், பிரைன் 0 டிகிரியிலும் வீட்டு நீர் 35 டிகிரியிலும் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. அங்கே 4.5 காட்டுகிற மெஷின், 55 டிகிரி நீர் கேட்டால் 3 பக்கம் இறங்கிவிடும். ஒரு வருடம் முழுக்க எவ்வளவு வெப்பம் கிடைத்தது, அதற்கு எவ்வளவு மின்சாரம் போனது என்ற வருடச் சராசரிதான் உங்களுக்கு உதவும் எண். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் பழைய வீடுகளில் பல வருடம் மீட்டர் வைத்து அளந்தபோது, நிலத்தடி ஹீட் பம்புகளின் சராசரி 4.1 வந்தது. காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவற்றுக்கு 3.1. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது சராசரி இல்லை. நிலத்தடி வகையிலேயே ஒரு வீட்டில் 3.3, இன்னொரு வீட்டில் 4.7. ஒரே தொழில்நுட்பத்துக்குள் இவ்வளவு இடைவெளி இருக்கிறதென்றால், அதில் பெரும்பகுதி வடிவமைப்பிலும் செட்டிங்கிலும்தான் இருக்கிறது.

வருடத்துக்கு 12,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டை எடுத்துக்கொள்வோம். சராசரி 4 என்றால் 3,000 யூனிட் மின்சாரம். 3 என்றால் 4,000. 2.5 என்றால் 4,800. உங்கள் மெஷினுக்குத் தனி மீட்டரும் வெப்ப மீட்டரும் இருந்தால் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று நேராகத் தெரியும். இல்லையென்றால் இரண்டையும் பொருத்துவதுதான் முதல் வேலை. மெஷினின் திரை காட்டும் சிஓபி பல மாடல்களில் வெறும் கணிப்பு. அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து துணை ஹீட்டர். உள்ளே மறைந்திருக்கும் இந்த மின் ராடு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். 3 கிலோவாட் ராடு தினமும் 5 மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு 450 யூனிட். அதே 450 யூனிட் கம்ப்ரெஸருக்குப் போயிருந்தால் 1,800 யூனிட் வெப்பம் கிடைத்திருக்கும். ராடு ஓடிய மணிநேரத்தை இன்று எழுதி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கடுங்குளிர் இல்லாத வாரத்திலும் அந்த எண் ஏறியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். இரவில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றும் டைமர், மிகச் சீக்கிரமே ராடை அழைக்கும் செட்டிங், வெந்நீர்த் தொட்டியைத் தினமும் 60 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பாக்டீரியாவைக் கொல்லும் சுற்று, இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கேஸ் பாய்லர் காலத்தில் இரவில் அணைத்துக் காலையில் மூட்டுவது சிக்கனமாக இருந்தது. ஹீட் பம்புக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது, அது நாள் முழுக்க நிதானமாக ஓட வேண்டிய மெஷின். புது வீடு என்றால் முதல் குளிர்காலத்தை மட்டும் விட்டுப் பிடியுங்கள். சுவரிலும் தரையிலும் உள்ள ஈரம் காய்வதற்கே நிறைய வெப்பம் போகும்.

ராடு ஓடவில்லை, ஆனாலும் பில் அதிகம் என்றால் வீட்டு நீரின் வெப்பநிலைக்கு வாருங்கள். அதை ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். வெளிக்குளிரைப் பொறுத்து நீரின் சூட்டை முடிவு செய்யும் ஹீட்டிங் கர்வை, மெஷின் பொருத்த வந்தவர்கள் புகார் வராமல் இருக்கக் கொஞ்சம் உயரமாகவே வைத்துவிட்டுப் போவது வழக்கம். அறைத் தெர்மோஸ்டாட்டுகள் அந்த அதிகச் சூட்டை அடக்கிவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும்.

சரிசெய்வது இப்படி. நல்ல குளிர் நாட்களில் எல்லா அறை வால்வுகளையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். கர்வை ஒரு படி இறக்கி இரண்டு நாள் காத்திருங்கள். யாருக்கும் குளிரவில்லை என்றால் இன்னொரு படி. வீட்டிலேயே குளிரான அறை ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி மட்டும் திரும்ப ஏற்றுங்கள். மற்ற அறைகள் அதிகச் சூடாக இருந்தால் அவற்றின் குழாய் ஓட்டத்தை, ஒவ்வொரு அறைக்கும் குழாய் பிரியும் மானிஃபோல்டில் கொஞ்சம் குறைக்கலாம். இதைச் செய்த பிறகு தெர்மோஸ்டாட்டுகளுக்குப் பெரிதாக வேலை இருக்காது, இருக்கவும் கூடாது.

அறிகுறி: வீடு போதிய அளவு சூடாகவில்லை

எப்போது குளிர்கிறது என்று கவனியுங்கள். வெளியே கடுங்குளிர் இருக்கும்போது மட்டும் என்றால் கர்வின் சரிவைக் கூட்டுங்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி குளிர்கிறது என்றால் சரிவைத் தொடாமல் கர்வை அப்படியே மேலே நகர்த்துங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால், இதமான நாட்களில் வீடு வேகும், குளிர் நாட்களில் விறைக்கும்.

ஒரே ஓர் அறை மட்டும் குளிர்கிறது என்றால் மெஷினை விட்டுவிடுங்கள். அந்த அறைக்குப் போகும் குழாயில் காற்று அடைத்திருக்கும், வால்வின் ஊசி இறுகி ஒட்டியிருக்கும், அல்லது ஓட்டம் மற்ற அறைகளுக்கே போய்விடும்.

திரையில் ‘வீட்டுக்குப் போகும் நீர் 45’ என்று காட்டுகிறது, ரேடியேட்டரைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அறை சூடாகவில்லை. பழைய ரேடியேட்டர்களை அப்படியே வைத்துக்கொண்டு ஹீட் பம்ப் மாற்றிய வீடுகளில் இதுதான் நடக்கும். ரேடியேட்டர் மேல் எழுதியிருக்கும் திறன் 75 டிகிரி நீர் போய் 65ஆகத் திரும்பும் கணக்கு. சராசரி 45 டிகிரி நீரில் அதே ரேடியேட்டர் அந்தத் திறனில் சுமார் 40 சதவீதம்தான் தரும். நீரை இன்னும் சூடாக்கினால் அறை சூடாகும், பில்லும் ஏறும். குளிரான இரண்டு அறைகளில் மட்டும் பெரிய ரேடியேட்டர் போட்டால் போதும், முழு வீட்டுக்கும் நீரின் சூட்டை இறக்க முடியும். ஹீட் பம்ப் உள்ள வீட்டில் செய்யும் செலவுகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்று நினைக்கிறேன்.

போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 12, 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஓட்டம் குறைவு. ஒரு கணக்கு கைவசம் இருக்கட்டும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, 0.07ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 23 லிட்டர், 5 டிகிரி என்றால் 8 கிலோவாட். உங்கள் மெஷினின் திறனுக்கு இந்த எண் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கம்ப்ரெஸர் அடிக்கடி ஆன், ஆஃப் ஆகிறது

ஓடிய மணிநேரத்தை ஸ்டார்ட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தடவைக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரியும். ஒரு மணிநேரத்தை ஒட்டி வந்தால் கவலையில்லை. 10 நிமிடத்துக்குக் கீழே என்றால் கம்ப்ரெஸரின் ஆயுள் குறைகிறது, சிஓபியும் குறைகிறது.

பெரும்பாலும் காரணம், அறைத் தெர்மோஸ்டாட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு கடைசியில் ஒரு சின்ன அறையின் குழாய் மட்டும் திறந்திருப்பது. மெஷின் தரும் வெப்பம் போக இடமில்லை. மேலே சொன்னபடி கர்வை இறக்கி வால்வுகளைத் திறந்தாலே பாதி வீடுகளில் இது தீர்ந்துவிடும். அப்படியும் தீரவில்லையென்றால் மெஷின் வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரியதாக இருக்கலாம். அப்போது மிஞ்சும் சூடான நீரைத் தேக்கி வைக்கும் பஃபர் தொட்டி உதவும். ஆனால் பஃபரைத் தவறாக இணைத்தால் சூடான நீரும் திரும்பி வரும் நீரும் அதற்குள் கலந்துவிடும். மெஷின் 40 டிகிரி கொடுத்தாலும் வீட்டுக்கு 36தான் போய்ச் சேரும். தொட்டிக்கு முன்னும் பின்னும் குழாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் இரண்டு பக்க ஓட்டமும் பொருந்தவில்லை.

அறிகுறி: லோ பிரஷர் அல்லது ‘பிரைன் மிகக் குளிர்ச்சி’ என்ற எச்சரிக்கை

இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று சொல்பவர்கள் உண்டு. மெஷினுக்குள் சுற்றி வெப்பத்தைக் கடத்தும் இந்தக் கேஸ், வீட்டு மெஷின்களில் தொழிற்சாலையிலேயே நிரப்பி, முழுக்க மூடி வருகிறது. அது கசிவது நடக்காத விஷயம் இல்லை, ஆனால் பட்டியலில் கடைசியில் வர வேண்டியது. பிரைன் பக்கம் முழுவதையும் பார்க்காமல் கேஸ் சுற்றைத் திறக்க அனுமதிக்காதீர்கள்.

பிரைன் வித்தியாசம் 7, 8 டிகிரி என்றால் முதலில் ஃபில்டர். பிரைன் உள்ளே வரும் குழாயில், மெஷினுக்குச் சற்று முன்னால், இரண்டு வால்வுகளுக்கு நடுவே அல்லது வால்வுக்குள்ளேயே சின்னச் சல்லடை இருக்கும். மெஷினை நிறுத்தி, இரண்டு பக்க வால்வையும் மூடி, கீழே ஒரு பாத்திரம் வைத்துத் திறங்கள். புதிதாகப் பொருத்திய இடங்களில் நீலமும் கறுப்புமாகப் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்கள், மணல், மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் நார்கள் எல்லாம் சல்லடையில் கம்பளம் மாதிரி படிந்திருக்கும். ஓடும் நீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். திரும்பப் பொருத்தி வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, இருபது நிமிடம் ஓடவிட்டு வித்தியாசத்தை மறுபடி எழுதுங்கள். எண் இறங்கியிருந்தால் கேஸ் பற்றிய பேச்சே வேண்டாம்.

சல்லடை சுத்தமாக இருந்தால், எங்காவது வால்வு பாதி மூடியிருக்கிறதா, பம்ப் சுற்றுகிறதா, அதன் வேகம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, குழாயில் காற்று இருக்கிறதா என்று வரிசையாகப் போங்கள். காற்று இருந்தால் களகளவென்று சத்தம் கேட்கும், பிரஷர் முள் ஆடும்.

அடுத்தது உறைதடுப்பின் அளவு. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் எத்தனை டிகிரியில் உறையும் என்று தெரிந்துவிடும். எந்த உறைதடுப்பு போட்டிருக்கிறதோ அதற்குரிய அளவுகோல் வேண்டும். எத்திலீன் கிளைக்கால் அளவுகோலில் புரொப்பிலீனை அளந்தால் தப்பான எண் வரும். புரொப்பிலீன் கிளைக்கால் 25 சதவீதம் இருந்தால் ஏறக்குறைய மைனஸ் 10 வரை தாங்கும். தேவைக்கு மேல் கலந்தாலும் கெடுதல்தான், திரவம் கெட்டியாகி ஓட்டம் குறையும், வெப்பம் எடுப்பதும் குறையும்.

இத்தனையும் சரி, வித்தியாசமும் 3, 4 டிகிரிதான், ஆனாலும் பிரைன் வரும்போதே மைனஸ் 5, 6 என்று வருகிறதென்றால் பிரச்சினை மண்ணில் இருக்கிறது. அது கீழே தனியாக வருகிறது. பிரைன் நல்ல வெதுவெதுப்பாக வந்து, ஓட்டமும் சரியாக இருந்து, அப்போதும் லோ பிரஷர் என்றால்தான் கேஸையும் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

அறிகுறி: பிரைன் பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது

இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பிரஷரை ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் உறைதடுப்பு நீர்த்துப்போகிறது. ஒரு குளிர் நாளில் மெஷினுக்குள் பிரைனின் வெப்பத்தைக் கேஸுக்கு மாற்றும் எவாப்பரேட்டர் தட்டுகளில் நீர் உறைந்து தட்டு பிளந்தால், நீர் கேஸ் சுற்றுக்குள் புகுந்து கம்ப்ரெஸருக்குப் போய்விடும். அதோடு அநேகமாக முழு மெஷினும் போய்விடும். ஊற்றுவதானால் சரியான விகிதத்தில் கலந்ததை மட்டும் ஊற்றி, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று தேதியோடு எழுதிவையுங்கள்.

முதல் சில வாரங்கள் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் பிரஷர் கொஞ்சம் இறங்கும். வெயில் காலத்தில் பிளாஸ்டிக் குழாய் விரிவதாலும் சற்று இறங்கி, குளிரில் திரும்ப ஏறும். இவை இயல்பு. வருடம் முழுக்க ஒரே திசையில் இறங்கினால் கசிவு.

கசிவு வீட்டுக்குள்ளா, மண்ணிலா என்று பிரிப்பது எளிது. மெஷினை நிறுத்தி, மண்ணுக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் மூடி, ஒரு இரவு விடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் பிரைன் கேஜ் இறங்கினால் கசிவு உள்ளே. பம்பின் இணைப்பு, தானியங்கிக் காற்று வால்வு, பாதுகாப்பு வால்வு, விரிவுத் தொட்டி இவற்றில் தேடுங்கள். உலர்ந்த கிளைக்கால் பிசுபிசுப்பாக ஒட்டும், விரல் வைத்தால் தெரியும். உள்ளே இறங்கவில்லையென்றால், மண்ணுக்குப் போகும் குழாய்கள் பிரியும் மானிஃபோல்டில் ஒவ்வொரு சுற்றாக மூடி எது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சுற்றை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு தற்காலிகமாக ஓட்டலாம், ஆனால் உறைதடுப்பு மண்ணில் கலக்கிறது என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தைவிட மோசம்

பிரைன் உள்ளே வரும் வெப்பநிலையை வருடாவருடம் ஒரே காலத்தில், குளிர்காலத்தின் கடைசியில், குறித்துவாருங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் கொஞ்சம் இறங்கிப் பிறகு நிலைத்துவிடுவது இயல்பு. நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போனால் எடுக்கும் வெப்பத்துக்கு, குழாய் இறக்கிய ஆழ்துளை போதவில்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு 30 முதல் 50 வாட் என்பது பொதுவான கணக்கு. உலர்ந்த மணலில் அதற்கும் கீழே, நீரோட்டம் உள்ள பாறையில் அதற்கும் மேலே போகும். இரண்டு துளைகள் ஐந்தாறு மீட்டருக்குள் நெருங்கியிருந்தால் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று பறிக்கும். பக்கத்து வீட்டில் புதிதாகப் போட்ட துளையும் இதில் சேரும்.

இங்கே மிகத் தவறான மருந்து, பெரிய மெஷின் வாங்குவது. அது அதே துளையிலிருந்து இன்னும் வேகமாக உறிஞ்சி மண்ணை இன்னும் குளிர வைக்கும். வீட்டின் இன்சுலேஷனைக் கூட்டித் தேவையைக் குறைப்பது, கோடையில் வீட்டின் வெப்பத்தையோ சோலார் தகட்டின் வெப்பத்தையோ துளைக்குள் திருப்பி அனுப்புவது, முடிந்தால் இன்னொரு துளை போடுவது, இவைதான் பலன் தரும்.

ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடையாகப் புதைத்த குழாய் என்றால் கதை வேறு. அதற்கு வெப்பம் திரும்ப வருவது வெயிலாலும் மழையாலும். அதன் மேல் கான்கிரீட் தளமோ ஷெட்டோ போட்டிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. குழாயைச் சுற்றி ஐஸ் கட்டுவது தவறில்லை, உறையும்போது மண்ணின் ஈரம் வெப்பம் தருகிறது. வசந்தம் வந்தும் அது கரையாமல் நின்றால்தான் பரப்பு போதவில்லை என்று பொருள்.

அறிகுறி: ஹை பிரஷர் எச்சரிக்கை

மெஷின் உருவாக்கிய வெப்பம் வீட்டுப் பக்கம் வெளியேற முடியவில்லை. வீட்டுப் பக்க ஃபில்டர், மூடிய வால்வுகள், பம்ப், காற்று, இந்த வரிசையில் பாருங்கள். வெந்நீர் போடும்போது மட்டும் வருகிறதென்றால் தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் சிறியது, அல்லது அதன் மேல் உப்பு படிந்திருக்கிறது. வெந்நீர் செட்டிங்கை 2, 3 டிகிரி இறக்கிப் பாருங்கள்.

அறிகுறி: வெந்நீர் போதவில்லை, அல்லது கோடையில் ரேடியேட்டர் சூடாகிறது

இரண்டாவதற்குக் காரணம் அநேகமாக மும்முனை வால்வு. வெந்நீருக்கும் வீட்டுச் சூட்டுக்கும் நடுவே திசை மாற்றும் அந்த வால்வு பாதியில் நின்றுவிட்டால், தொட்டிக்குப் போக வேண்டிய நீர் அறைகளுக்கும் கசியும். வெந்நீர் தயாராகும்போது அறைக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பாருங்கள், ஆறியிருக்க வேண்டும். வெந்நீரைக் குழாய்க்கருகே எப்போதும் தயாராக வைக்கும் சுற்றோட்ட பம்ப் இருந்தால் அதற்கு டைமர் வையுங்கள். இரவெல்லாம் தொட்டியை ஆறவைத்துக்கொண்டிருப்பது அதுவாக இருக்கலாம்.

அறிகுறி: சத்தம், ஈரம்

சுவர் வழியாகக் கேட்கும் ரீங்காரத்துக்கு, குழாயைச் சுவரோடு இறுக்கிய கிளாம்புகளும் நெகிழ் ஹோஸ் இல்லாத இணைப்பும் காரணம். பிரைன் குழாய் வியர்ப்பது இன்சுலேஷனில் இடைவெளி இருப்பதால். மூன்று பேஸ் மின்சாரத்தில் ஏதாவது வேலை நடந்த பிறகு கம்ப்ரெஸர் கரகரவென்று உறுமி வெப்பமே தரவில்லையென்றால், பேஸ் வரிசை மாறிக் கம்ப்ரெஸர் தலைகீழாகச் சுற்றுகிறது. உடனே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆள் கூப்பிடும்போது

கேஸ் சுற்று, மின் பெட்டி, பாதுகாப்பு வால்வு மூன்றும் தகுதியுள்ளவர் கைக்கே போக வேண்டும். புதிய மெஷின்கள் சிலவற்றில் இருப்பது தீப்பற்றும் புரொப்பேன். வருபவரிடம் நீங்கள் எழுதிவைத்த நான்கு வெப்பநிலைகளையும் பிரஷரையும் கவுன்ட்டர்களையும் முதலில் காட்டுங்கள், எச்சரிக்கை எந்த நேரத்தில், மெஷின் என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்பதையும் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே நான்கு எண்களை, மெஷின் இருபது நிமிடம் ஓடிய பிறகு, அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.